எதெல்காவிடம் டிக்கெட் கேட்டார்கள்

வாடாஷ் எதெல்காவுக்கு அறுபத்தேழு வயது. நான் சொன்னதாக யாரும் அவளிடம் போய்ச் சொல்லிவிட வேண்டாம். சொன்னால் அப்புறம் என் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள். அவளும் என் அக்காவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்பதால், ஊருக்கு அவள் சொல்லும் வயது என்னிடம் மட்டும் செல்லாது.

எங்கள் புடாபெஸ்டில் அறுபத்தைந்து முடிந்துவிட்டால் மெட்ரோ, டிராம், பேருந்து எதற்கும் டிக்கெட் கிடையாது. அடையாள அட்டையைக் காட்டினால் போதும். பாதிப் பேரிடம் அதையும் கேட்க மாட்டார்கள், முகத்தைப் பார்த்தே விட்டுவிடுவார்கள். ஊரே அந்தப் பிறந்தநாளுக்காகக் காத்திருக்கும். எங்கள் கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கும் ஓடன் என்பவர், அந்தப் பிறந்தநாளன்று காலை டிராமில் ஏறியவர், போக ஓர் இடமும் இல்லாமல் சாயங்காலம்வரை ஊரைச் சுற்றிவிட்டு வந்தார். "அரசாங்கம் எனக்குன்னு செஞ்ச ஒரே நல்ல காரியம் இதுதான்" என்று மாடி மாடியாகச் சொல்லிக்கொண்டு ஏறினார்.

எதெல்கா மட்டும் மாதாமாதம் முழுக் காசு கொடுத்துப் பாஸ் வாங்கினாள். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"உன்னைத்தான் சும்மாவே விடுவாங்களே. எதுக்கு இந்தத் தண்டச் செலவு?"

"என்னை எதுக்குடி சும்மா விடணும்? அது வயசானவங்களுக்கு."

இதைச் சொல்லும்போது அவள் முகத்தில் சிரிப்பே இல்லை.

பெருஞ்சாலையில் ஒரு கையுறைக் கடையில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவள் அவள். குளிர்காலத்தில் தோல் உறை, கோடையில் வலைப்பின்னல் உறை. வெறுங்கையோடு தெருவில் இறங்கி நான் பார்த்ததில்லை. "மூஞ்சிக்குப் பவுடர் பூசலாம், தலைக்குச் சாயம் போடலாம். கை மட்டும் உள்ளதைச் சொல்லிடும்" என்பாள். பிறகு என் கையைப் பார்ப்பாள். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவள்.

"உறை போடுடி இபி. உன் கை உனக்கு அம்மா மாதிரி இருக்கு."

"போட்டுக்கிட்டு வெங்காயம் உரிக்கவா?"

செவ்வாயும் வெள்ளியும் அவள் லூகாச் வெந்நீர்க் குளத்துக்குப் போவாள். ப்ளாஹாவில் மெட்ரோ ஏறி, டான்யூபுக்கு அடியில் போய், பாட்யானியில் மேலே வந்து, ஆற்றோரம் போகும் டிராமைப் பிடிக்க வேண்டும். இருக்கை காலியாக இருந்தாலும் உட்கார மாட்டாள். கம்பியைப் பிடித்து நிற்பாள். எந்தப் பையனாவது எழுந்து இடம் கொடுத்தால், காதில் விழாததுபோல் மேலே ஒட்டியிருக்கும் பல்வலி மருந்து விளம்பரத்தைப் படிப்பாள். டிக்கெட் சோதனைக்காரர்கள் தங்கள் அடையாளக் கைப்பட்டையை மாட்டியதும் பெட்டியில் எல்லோருக்கும் முகம் தொங்கிப்போகும். எதெல்கா மட்டும் கல்யாணப் பத்திரிகை கொடுக்கிறவள்போல் கைப்பையைத் திறந்து பாஸை எடுத்து நீட்டுவாள்.

பிப்ரவரியில் அவளுக்கு நிமோனியா வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது ஆள் பாதியாகியிருந்தாள். வகிட்டோரம் சாயம் போய் முடி வெளுத்திருந்தது. குளத்துக்குப் போவதை விடாதீர்கள், நுரையீரலுக்கு நல்லது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். முதல் செவ்வாய்க்கிழமை புறப்பட்டுப் போனாள். போன சுருக்கிலேயே திரும்பி வந்துவிட்டாள். என்ன நடந்தது என்பதை ஒரு வாரம் கழித்து, என் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னாள்.

"பாட்யானியில படி ஏறி மேல வந்தேனா, டிக்கெட் பார்க்கிற அந்தக் குண்டு ஆள் நின்னான். பாஸை நீட்டினேன். பார்க்கவே இல்ல இபி. 'போங்க பாட்டிம்மா, போங்க'ன்னு கையை ஆட்டறான். நான் நீட்டிக்கிட்டே நிக்கறேன், பின்னாடி வர்றவன்லாம் இடிக்கிறான்."

"அதுக்காகத் திரும்பி வருவாங்களா?"

அதற்குப் பிறகு அவள் குளத்துக்குப் போகவே இல்லை. பாஸ் முடிந்தது, புதுசு வாங்கவில்லை. முடிக்குச் சாயம் போடவில்லை. கம்பளிச் செருப்போடு தாழ்வாரத்தில் உட்கார்ந்து இருமிக்கொண்டே முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் திட்டினேன், கெஞ்சினேன், ஒரு நாள் கதவை அறைந்து சாத்திவிட்டும் வந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. அவள் இல்லாத அந்தத் தாழ்வாரத்தை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் ஒரு நாள் வேலை முடிந்து நேரே பாட்யானிக்குப் போனேன். நகரும் படியின் உச்சியில் அந்தக் குண்டு ஆள் நின்றிருந்தார். பெயர் காஷ்பார், என் வயதுதான் இருக்கும். விஷயத்தைச் சொன்னேன்.

"அதாவது, டிக்கெட் கேக்கலைன்னு புகார்?" என்றார். "இத்தனை வருஷத்துல கேட்டதுக்குத்தாங்க அடிக்க வந்திருக்காங்க."

"புகார் இல்லீங்க. செவ்வாய்க்கிழமை வருவா. சாம்பல் நிறத் தொப்பி, பச்சைக் கையுறை. ஒரு வார்த்தை 'டிக்கெட்'னு கேளுங்க. போதும்."

தலையைச் சொறிந்தார். "சரி, அனுப்பி வைங்க. கேக்கறேன்."

திங்கட்கிழமை எதெல்காவின் தலைக்கு நானே சாயம் போட்டேன். மூக்கால் அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தாள். "உனக்காகத்தான் போறேன். உன் தொல்லை தாங்கலை" என்றாள். அவளிடம் பாஸ் இல்லை என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. அடையாள அட்டைதான் கைப்பையில் இருக்கிறதே. மறுநாள் எனக்கு வேலை, அவள் தனியாகத்தான் போனாள்.

சாயங்காலம் நான் முற்றத்தில் கால்வைக்கும்போதே மேலிருந்து குரல் வந்தது.

"இபி! சீக்கிரம் வாடி!"

தொப்பியைக்கூடக் கழற்றாமல் நின்றிருந்தாள். கன்னமெல்லாம் சிவந்திருந்தது. கையில் ஒரு சீட்டை ஆட்டினாள்.

"அபராதம் போட்டுட்டாங்க!"

சீட்டை வாங்கிப் பார்த்தேன். ஒரு மாதப் பாஸைவிட அதிகம்.

"உனக்குப் பைத்தியமா? அட்டையைக் காட்டியிருந்தா விட்டிருப்பானே!"

"எதுக்குக் காட்டணும்? 'டிக்கெட் காட்டுங்க மேடம்'னான். மேடம்னான் இபி! இல்லைன்னேன். ஒருதரம் என்னை நல்லாப் பார்த்தான். 'அப்ப அபராதம் கட்டணும்'னான். தாராளமான்னு கட்டிட்டேன். அப்புறம் போய் நல்லா நீந்திட்டு வந்தேன்."

அந்தச் சீட்டைக் கண்ணாடி விளிம்பில் செருகிவைத்தாள். அந்த வாரம் கட்டடத்தில் அதைப் பார்க்காதவர் இல்லை. மறுநாள் காலையிலேயே போய்ப் புதுப் பாஸும் வாங்கிவிட்டாள்.

எனக்கு நன்றியும் வந்தது, கோபமும் வந்தது. அடுத்த வாரம் ஒரு டப்பா பொகாச்சா, சீஸ் போட்ட குட்டி பன், சுட்டேன். காஷ்பாருக்கு அதையும் கொடுத்து, நாலு வார்த்தையும் கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன்.

"கேளுங்கன்னுதானே சொன்னேன்? அபராதம் யாரு போடச் சொன்னா?"

அவர் திருதிருவென்று விழித்தார். "எந்த அபராதம்? போன வாரம் பூரா முதுகுவலி, செகெட் ஊர்ல மக வீட்டுல படுத்துக் கிடந்தேன். உங்க விஷயம் யார்கிட்டயும் சொல்லக்கூட இல்லையேம்மா. மன்னிச்சுக்குங்க."

"அப்ப செவ்வாய்க்கிழமை இங்க யாரு இருந்தா?"

அந்தப் பக்கம் காதில் வளையம் மாட்டிய ஒரு பையனைக் காட்டினார். புதுசாக வேலைக்குச் சேர்ந்தவனாம்.

அந்தப் பையனுக்கு எதெல்காவை யாரென்றே தெரியாது. அவள் முகத்தை நல்லாப் பார்த்துவிட்டுத்தான் அபராதம் போட்டிருக்கிறான். டப்பாவைக் காஷ்பார் கையில் திணித்தேன். அந்தப் பையனுக்கும் இரண்டு கொடுங்கள் என்று சொன்னேன்.

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவன் எப்படிக் கேட்கிறான் என்று ஒருதரம் பார்க்க ஆசை. கீழே இறங்கி, கூட்டத்தோடு கூட்டமாக அவன் பக்கத்துப் படியில் ஏறி வந்தேன். எனக்கு முன்னால் வந்த பெண்ணை நிறுத்தினான். அவளுக்கும் முன்னால் வந்த தாடிக்காரரை நிறுத்தினான். நான் முழுக் காசு கொடுத்து வாங்கிய பாஸை நீட்டினேன். எனக்கு அறுபத்தொன்று.

அவன் என் கையைத் தாண்டி அடுத்த ஆளைப் பார்த்தான்.

"வேணாம் பாட்டிம்மா, நீங்க போங்க."

காஷ்பார் வாயில் பொகாச்சாவோடு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. அந்தப் பையனுக்குக் கொடுத்த இரண்டையும் திருப்பி வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மெட்ரோவில் வரும் வழியெல்லாம் இதை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று இருந்தேன். அப்படித்தான் முற்றத்தில் நுழைந்தேன். தாழ்வாரத்தில் எதெல்கா நகத்துக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்தாள், இருமல் இல்லாமல். இதைவிட அவளுக்கு நான் என்ன கொடுத்துவிட முடியும்? காஷ்பாரிடம் முன்பே போய்ப் பேசியதை மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தைச் சொல்லிவிட்டேன்.

அவள் சிரித்த சிரிப்பில் மூன்றாம் மாடி ஓடன் கம்பியில் தொங்கியபடி எட்டிப் பார்த்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனவள் மேசை இழுப்பறையைத் துழாவி, ஒரு ஜோடி பழுப்புத் தோல் உறையை என் மடியில் போட்டாள்.

"எத்தனை தடவை சொன்னேன், கேட்டியா? வெள்ளிக்கிழமை இதைப் போட்டுக்கிட்டு என்கூட வா. உன்கிட்டயும் டிக்கெட் கேக்க வைக்கிறேன்."