அண்ணன் வண்டியின் வலது ஃபுட்ரெஸ்ட்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அண்ணனோடு வேலை பார்த்தவர்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு முடிந்துவிட்டது. கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். அவருடைய நற்குணங்களை எல்லாம் எழுது என்றார்கள். எழுத உட்கார்ந்தால் ஒன்றும் ஓடவில்லை. அழுகையும் வரவில்லை. காரியம் நடந்த அன்றும் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சிலர் பேசிக்கொண்டது என் காதிலும் விழுந்தது. பேசட்டும். அண்ணன் என்று நினைத்தால் எனக்கு அந்த வண்டிதான் கண்முன் வருகிறது. அதனால் அதையே எழுதுகிறேன்.

அண்ணன் மட்டாஞ்சேரியில், பஜார் ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் பிறந்தார். அப்பா மிளகுக் கிடங்கில் எடை போடுகிறவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம் என்பார்கள். நாங்கள் இருவரும் அந்த ஊரைப் பார்த்ததில்லை. வீட்டுக்குள் தமிழ், வாசல் தாண்டினால் மலையாளம். அண்ணன் கையெழுத்தைக்கூட மலையாளத்தில்தான் போடுவார். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபோது அவர் பள்ளிக்கூடம் முடித்த கையோடு நின்றார். வெலிங்டன் தீவில், கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளைக் கணக்கெடுக்கும் வேலைக்குச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்தார். பிறகு அண்ணியைக் கல்யாணம் செய்து அழைத்து வந்தார். அண்ணி வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் வேளாவேளைக்குச் சோறு வெந்தது.

வண்டி ஒரு சீமை மோட்டார் சைக்கிள். தேயிலைக் கம்பெனி துரை ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப் போனது, கை மாறிக் கை மாறி அண்ணனிடம் வந்தது. பெட்ரோல் தொட்டியில் பெயர் எல்லாம் அழிந்து போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் அதைத் துடைத்துக்கொண்டே இருப்பார். "அதுக்கு ஒரு பொட்டும் வெச்சு விடுங்க" என்பார் அண்ணி.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் ஷெட்டில் அடுக்கியிருந்த மூட்டைகள் சரிந்து அண்ணனின் வலது முழங்கால் நொறுங்கியது. மாதக்கணக்கில் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது கால் மடங்கியபடியே நின்றுவிட்டது. நீட்ட வரவில்லை. இனி அப்படித்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். படகுத் துறைக்குப் போனால் ஆடும் போட்டுக்குள் எட்டிக் கால் வைக்க முடியவில்லை. பஸ்ஸில் போய்ப் படியிலிருந்து விழுந்தார். இந்த நிலைமையில் கம்பெனியிலிருந்து ஆள் அனுப்பினார்கள். தீவுக்கு வந்து சேர முடிந்தால் உட்கார்ந்து செய்கிற வேலை தருகிறோம், முடியாது என்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்று சொன்னார்கள்.

அண்ணன் வண்டிமேல் ஏறி உட்கார்ந்து பார்த்தார். ஃபுட்ரெஸ்ட் முன்னால், தாழ்வாக இருந்தது. மடங்கிய கால் அதைத் தொடவே இல்லை, அந்தரத்தில் தொங்கியது. அந்த வண்டியில் கியரும் வலது காலுக்குத்தான். அண்ணி வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார். அப்போது அவர் நிறைமாதம்.

தெருமுனையில் வர்க்கியின் பட்டறை. வர்க்கி வாய் ஓயாத ஆள். அவரே வந்து வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"சாரே, ரேஸ் ஓட்டுறவங்க ஃபுட்ரெஸ்ட்டைப் பின்னால தள்ளி, மேல தூக்கி வெப்பாங்க, அறியுமோ? சாரோட காலும் பின்னால, மேலதான் நிக்குது. நான் செஞ்சு தராம். ஆனா வலது சைடு மட்டும் மாத்தினா வண்டி நொண்டி மாதிரி…"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்னை மாதிரியே இருக்கட்டும் வர்க்கி. ஜோடிப் பொருத்தம்" என்றார் அண்ணன். கால் போன பிறகு அன்றுதான் அவர் சிரித்தார்.

அண்ணனை வண்டியில் உட்காரவைத்து, அவர் பாதம் தானாக எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில் அட்டையைப் பிடித்து நான்தான் சாக்பீஸால் குறி போட்டேன். அந்த அட்டையை வைத்து வர்க்கி கப்பல் இரும்புத் தகட்டை வெட்டினார். பின்னால் உட்காருகிறவர் வலது கால் வைக்கும் கட்டையைக் கழற்றிவிட்டு, அந்த போல்ட்டிலேயே தகட்டைப் பூட்டினார். அண்ணி ஒருபக்கமாக உட்காருகிறவர், இடதுபக்கம் கால் வைப்பவர். அதனால் அவர் இடத்துக்குச் சேதமில்லை. முதல் தகடு அண்ணன் பாரத்தில் வளைந்தது. இன்னும் கனமான தகடு வந்தது. அடுத்து, பாதம் புகைக்குழலுக்கு மேலே வந்து செருப்பு இளகி ஒட்டிக்கொண்டது. ஃபுட்ரெஸ்ட்டை வெளிப்பக்கம் இழுத்து வைத்தார். அதன்பின் ஸ்டார்ட் செய்ய உதைக்கும் கிக்கரை மிதித்தால் அது பாதியிலேயே ஃபுட்ரெஸ்ட்டில் இடித்து நின்றது. மேலே மடங்குகிற மாதிரி ஒரு கீல் வைத்தார். ஒவ்வொரு தடவையும் "இப்போ சரியாயி" என்பார். சரியாகியிருக்காது.

கியர் லிவரைப் பின்பக்கம் திருப்பிப் போட்டதில் கியர் தலைகீழாகிவிட்டது வர்க்கிக்கே தெரியவில்லை. மேலே தூக்கினால் விழவேண்டிய முதல் கியர், கீழே மிதித்தால் விழுந்தது. மற்றதெல்லாம் மேலே. வெள்ளோட்டத்தில் அண்ணன் இரண்டாவது கியருக்கு மிதிக்க, முதல் கியர் விழுந்து வண்டி அலறித் துள்ளி, தெருவோரக் கப்பைக்கிழங்குக் கூடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

"சேட்டா, கப்பை வேணும்னா இறங்கி வாங்கு" என்றார் கப்பைக்காரர்.

வர்க்கி தலையில் அடித்துக்கொண்டு மாற்றித் தருகிறேன் என்றார். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். "இது எனக்குப் பழகிக்கும். வேற எவனும் இரவல் கேக்க மாட்டான்ல" என்றார். அப்படியே பழகியும் விட்டது.

எல்லாம் ஆனது, ஸ்டார்ட் செய்வது மட்டும் ஆகவில்லை. கிக்கர் வலதுபக்கம். வலது காலால் உதைக்க முடியாது. இடது காலால் உதைக்கலாம் என்றால் வலது காலில் நிற்கவேண்டும், அதுதானே முடியாது. அண்ணி பிரசவித்துப் படுத்திருந்தார். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். தெருவே வேடிக்கை பார்த்தது. முதல் நாள் உதைத்து உதைத்து மூச்சு வாங்கிற்று. பிறகு பிடிபட்டுவிட்டது. தினமும் காலையில் நான் உதைத்துக் கொடுப்பேன், அண்ணன் கிளம்புவார். தீவுக்குப் போகும் பாலத்தில் நிற்க வேண்டி வந்தாலும் எஞ்சினை அணைக்க மாட்டார். சாயங்காலம் தீவில் கிடங்குக் காவல்காரர் உதைத்துக் கொடுப்பார். வேலை நிலைத்தது. வீடும் நிலைத்தது.

எனக்கு வரன்கள் வந்தன. "பொண்ணு மோட்டார் சைக்கிள் உதைக்குதாமே" என்று ஒரு வீட்டார் விசாரித்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். எனக்கு அதில் வருத்தமே இல்லை. அப்புறம் பாலக்காட்டிலிருந்து என் வீட்டுக்காரர் வந்தார். அவருக்கு என்னைப் பிடித்திருந்தது. எனக்கும் பிடித்திருந்தது. நான் மாட்டேன் என்றேன்.

"பையனுக்கு என்னடி குறை?" என்று கேட்டார் அண்ணன்.

"அவருக்கு ஒரு குறையும் இல்ல. நான் போயிட்டா உனக்கு யாரு உதைச்சுத் தருவா?"

"அதுக்காகக் கடைசி வரைக்கும் இங்கேயே கெடப்பியா?"

"கெடப்பேன். வேலை போச்சுன்னா அண்ணியும் பிள்ளைங்களும் என்ன பண்ணுவாங்க?"

அண்ணன் தடியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதற்கடுத்த வாரமே வண்டி வர்க்கியின் பட்டறைக்குப் போயிற்று. அங்கே வர்க்கி ஓர் உயரமான முக்காலி செய்து வைத்திருப்பதாகவும், அதில் உட்கார்ந்துகொண்டு இடது காலால் உதைத்துவிட முடிகிறது என்றும் அண்ணன் சொன்னார். முக்காலி அங்கே இருப்பதால் வண்டியும் அங்கேயே நிற்கட்டும் என்றார். காலையில் தடியூன்றித் தெருமுனைக்கு நடப்பார். வீட்டிலிருந்தே காது கொடுத்துக் கேட்பேன். ஒரே உதையில் எஞ்சின் பிடிக்கும். அடேயப்பா, நம்மைவிட நன்றாக உதைக்கிறாரே என்று நினைத்தேன். கல்யாணத்துக்குச் சரி என்றேன். பாலக்காட்டுக்குப் போனேன்.

பிறகு ஓணத்துக்கும் பொங்கலுக்கும் நான் வரும்போதெல்லாம் அண்ணன் லீவு போட்டு வீட்டில் இருப்பார். வண்டி பட்டறையில் இருக்கும். "உங்க அண்ணன் வண்டி ஓடி நான் பார்த்ததே இல்ல" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். "சீமை வண்டி, மாப்பிள்ளை. மாசத்துல பாதி நாள் மாமியார் வீட்டுலதான்" என்பார் அண்ணன்.

கடைசியில் மஞ்சள் காமாலை வந்தது. எறணாகுளத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாயா குடித்தாயா என்று கேட்டார். உன் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா என்று கேட்டார். ஒரு காலை நேரத்தில் போய்விட்டார். பிள்ளைகள் அழுதார்கள், அண்ணி அழுதார். நான் மருந்துப் புட்டிகளை எடுத்துப் பையில் போட்டேன். வண்டியை விற்கப் பார்த்தோம்; கியர் தலைகீழ் என்பதால் யாரும் வாங்கவில்லை.

போன மாதம் இதை எழுதுவதற்காக மட்டாஞ்சேரி வந்தேன். தகவல் பிசகக்கூடாது என்று அண்ணியிடம் கேட்டேன்: "அண்ணி, அண்ணன் தானே உதைக்கக் கத்துக்கிட்டது என் கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னாடி?"

அண்ணி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"அவரு எப்போடி உதைச்சாரு?"

நான் முக்காலியைப் பற்றிச் சொன்னேன்.

"முக்காலியும் இல்ல, நாற்காலியும் இல்ல. நீ கல்யாணமாகிப் போறவரைக்கும் வர்க்கிதான் உதைச்சுக் குடுத்தாரு. நீ போனதுக்கப்புறம் வண்டி வீட்டுக்கு வந்துட்டுது. நான் உதைச்சேன். எனக்கு எங்க பலம்? ரெண்டு காலையும் வெச்சு கிக்கர் மேல ஏறி நிப்பேன். நீ வர்றேன்னு கடுதாசி வந்தா வண்டியைப் பட்டறையில கொண்டு விட்டுருவாரு. தெரிஞ்சா திரும்பி வந்து உக்காந்துருவா, சொல்லாதேன்னாரு. நானும் சொல்லல."

சொல்லிவிட்டு மறுபடி கல் பொறுக்கத் தொடங்கினார். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. மரத்துப்போன கால் மாதிரி உள்ளே எதுவோ கிடக்கிறது. எப்போது உணர்ச்சி வரும் என்று தெரியவில்லை.

அண்ணனை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்ஸுகளுக்கும், காரியங்களுக்குத் தோள் கொடுத்த தெருக்காரர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணனுக்காக உதைத்த வர்க்கிக்கும், தீவில் உதைத்த காவல்காரருக்கும் என் நன்றி தனி. அண்ணியிடம் நன்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று ஊருக்குக் கிளம்பும்போது குனிந்து அவர் காலைத் தொட்டேன். புடவை ஓரம் விலகிற்று. வலது காலில், கணுக்காலுக்கு மேலே, கிக்கர் திருப்பி அடித்த தழும்பு இருந்தது. எனக்கும் அதே இடத்தில் இருக்கிறது.