அடி அண்ணாமலையில் பிடிபட்ட பிழை

எண்பதுகளின் கடைசி. அக்காவின் வளைகாப்புக்காகச் சென்னையிலிருந்து திருவண்ணாமலை வந்திருந்தேன். மனம் மட்டும் ஆபீஸிலேயே கிடந்தது.

மோட்டார் பம்புக்குள் வைக்கும் ஒரு சின்னச் சிப்புக்காக, கிராஸ் கம்பைலர் உருவாக்கிக்கொண்டிருந்தோம். பெரிய கம்ப்யூட்டரில் ஓடி, சிப்புக்கான கட்டளைகளை எழுதித் தரும் மென்பொருள் அது. ஆனால் ஒவ்வொரு முறையும் பாதியில், 'தெரியாத கட்டளை' என்று பிழைகளைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் திட்டத்தையே கைவிடப்போவதாக முதலாளி சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமையும் என் தோழி தனியாக அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

அன்று விடியலில் சித்தியோடு மலை சுற்றக் கிளம்பினேன். மலை பனியில் பாதி கரைந்திருந்தது. நடக்கிறேனா, மிதக்கிறேனா என்றே தெரியவில்லை. கண்ணுக்குள் பிழை வரிகள் ஊர்ந்துகொண்டே இருந்தன. அடி அண்ணாமலை டீக்கடையில் ஓர் ஆந்திரத்து அம்மாள் தெலுங்கில் ஏதோ கேட்க, கடைக்காரர் விழித்தார்.

சித்தூரில் வாழ்ந்த சித்தி சிரித்தாள். "அவங்க சரியாத்தாங்க கேக்கறாங்க. உங்களுக்குத்தான் பாஷை தெரியல. சக்கரை கம்மியா வேணுமாம்."

என் கையில் டம்ளர் அப்படியே நின்றது. எங்கள் கம்பைலரும் சரியாகத்தான் எழுதுகிறது! அதை வாங்கிப் படித்து எந்திர மொழிக்கு மாற்ற வேண்டியது சிப்புக்கான அசெம்பிளர் என்ற இன்னொரு மென்பொருள். படித்துக்கொண்டிருப்பதோ பெரிய கம்ப்யூட்டரின் சொந்த அசெம்பிளர். அதற்கு இந்தப் பாஷை எப்படிப் புரியும்?

ஊருக்குள் வந்தால் போஸ்டாபீஸ் பூட்டிக் கிடந்தது. எதிரே ஜவுளிக்கடையைத் திறந்துகொண்டிருந்த பாய் என் தவிப்பைப் பார்த்துவிட்டு, "உள்ள போன் இருக்கு, வந்து பேசும்மா" என்றார். சென்னை ஆபீஸிலிருந்த தோழிக்கு டிரங்க் கால் கிடைத்தது. என் குரல்தான் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. பாய் ரிசீவரை வாங்கிக்கொண்டார்.

"நீ சொல்லும்மா, நான் கத்தறேன்."

நான் சொல்லச் சொல்ல, "அசெம்பிளர் மாறிப்போச்சாம்! கம்ப்யூட்டரை நம்மளோடத முதல்ல தேடச் சொல்லணுமாம்!" என்று கடைத்தெருவே திரும்பிப் பார்க்கும்படி முழங்கினார். கடை நம்பரையும் அவளிடம் சொல்லிவிட்டு, என்னிடம் வீட்டு அடையாளம் கேட்டுக்கொண்டார்.

மதியம் உறவுக்காரப் பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, பாய் வியர்க்க விறுவிறுக்க வாசலில் வந்து நின்றார். "மெட்ராஸ்லேர்ந்து போன் வந்துச்சும்மா. ஓடுதாம்!"

"எதுங்க ஓடுது?" என்று பதறினாள் சித்தி.

"அது தெரியாதுங்க. ஆனா நல்லா ஓடுதாம்!" என்று முகமெல்லாம் சிரித்தார்.

எத்தனையோ புரோகிராம்கள் எழுதி ஓடவிட்டுவிட்டேன். ஆனாலும், இன்னதென்றே தெரியாத என் சந்தோஷத்தைச் சுமந்துகொண்டு உச்சி வெயிலில் நடந்து வந்த அந்த மனிதரைப் போல, இன்னொருவர் சந்தோஷத்துக்காக நான் ஒருநாளாவது நடந்திருக்கிறேனா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.