ஈரத் தலையோடு போன வெள்ளிக்கிழமை

இலங்கையில் எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு சுவிசுக்கு வந்து, ஓஸ்டர்முண்டிகனில் குடியேறியவள் நான். ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. முதல் குளிர்காலம் முழுக்க அலுப்புத்தான். வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு.

ஒரு வெள்ளி காலை, ஊர் வழக்கப்படி தலை முழுகிச் சாமி கும்பிட்டு, ஈரக் கூந்தலின் நுனியில் முடிச்சுப் போட்டுக்கொண்டு வேலைக்கு ஓடினேன். பனி கொட்டியதால் பஸ் பிந்தியது. தலை விறைத்து வலித்தது. பிறகு வலியும் தெரியவில்லை. பஸ் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் குந்திக் கண்ணை மூடினேன். சுகமாக இருந்தது.

யாரோ உலுக்கினார்கள். என்னோடு வேலை செய்யும் மல்லிகா.

"ஐயோ அக்கா, நித்திரை கொள்ளாதேங்கோ! முழுகிப்போட்டோ வெளிக்கிட்டனீங்கள்?"

"ஓம், இண்டைக்கு வெள்ளியெல்லே?" நாக்குக் குழறியது.

கூந்தலைத் தொட்டேன். விறகுக் குச்சி போல இருந்தது. மல்லிகா தன் சால்வையை என் தலையில் சுற்றி, பஸ் வந்ததும் ஹீட்டர் பக்கம் இருத்தினாள். பனி உருகி முதுகில் வழிய, அழுதேன். அவள் வராவிட்டால் அந்த வாங்கிலேயே உறைந்திருப்பேன்.

இப்போது வியாழன் பின்னேரமே முழுகித் தலையைக் காயவைத்துவிடுகிறேன். வெள்ளி காலையில் முகம் கழுவி விளக்கேற்றுவதோடு சரி. நான் இந்த நாட்டுக்குப் பழகவில்லையா? சாமியும் பழகட்டும்.