பதினேழு வளைவும் ஒரு சாம்பிள் கவரும்

தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணிக்கு, சட்டைப் பையில் ஒரு சாம்பிள் கவரை மடித்து வைத்துக்கொண்டு சோலை தன் சிநேகிதன் சாதிக்கின் ஜீப்பில் ஏறினான். சும்மா ஒருநாள் மலைக்குப் போய்ச் சாப்பிட்டு, கொஞ்சம் குடித்து, நாலு இடம் பார்த்துவிட்டு வருவோம் என்றுதான் சொல்லியிருந்தான். முப்பது வருஷப் பழக்கத்தில் அவன் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. ஏன் என்று சாதிக் கேட்கவில்லை. எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் சோலியை அன்றைக்குத் தம்பியிடம் விட்டுவிட்டு, வண்டியைக் கழுவி, முன்சீட்டில் புதுத் துண்டு விரித்து வைத்திருந்தான்.

சோலைக்கு ஐம்பத்துநாலு வயது. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் முதலாளி ஒருவருக்கு, ஏலத்தில் சரக்குப் பார்த்துச் சொல்பவன். பதினேழு வயதில் அவருடைய சரக்குக் கிட்டங்கிக்கு மூட்டை தூக்க வந்தவன்தான். யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. தோளில் மூட்டை இருக்கும்போதே வாசனை பிடித்து, இது எந்த மலைச் சரக்கு, பறித்து எத்தனை மாதம் ஆயிற்று என்று மனசுக்குள் சொல்லிப் பார்ப்பான். இறக்கி வைத்த பிறகு சீட்டைப் பார்த்துச் சரியா தப்பா என்று தெரிந்துகொள்வான். ஆறு வருஷம் இப்படியே போயிற்று. ஒருநாள், முதலாளி கைநிறைய அள்ளிப் பார்த்துத் திருப்திப்பட்ட சரக்கை, மூட்டைக்கு அடியில் நின்றபடியே, "அது நனைஞ்சு காஞ்சது" என்றான். நடுமூட்டையைப் பிரித்தால் பூசணம். அன்றிலிருந்து அவன் மூட்டை தூக்கவில்லை.

போன புரட்டாசியில் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. பெண்டாட்டி காளீஸ்வரியிடம்கூட அவன் சொல்லவில்லை. நிறம், பருமன், உடைத்தால் உள்ளே ஏலரிசி கறுத்துப் பிசுபிசுக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்தே ஒப்பேற்றினான். பத்துச் சரக்கில் ஒன்பதுக்கு அது போதும். பத்தாவது சரக்கு கார்த்திகையில் வந்தது. கண்ணுக்கு முதல்தரப் பச்சை. டெல்லியில் போய் இறங்கியதும், புகைவாடை அடிக்கிறது என்று போன் வந்தது.

கிட்டங்கியில் காய் பிரிக்கும் பெரியம்மாள் செவ்வாயும் வெள்ளியும் அங்கிருக்கும் சாமி படத்துக்குச் சாம்பிராணி போடுவாள். இருபத்திரண்டு வருஷமாகப் போடுகிறாள். அந்தப் புகைதான் சாக்கில் ஏறிவிட்டது என்று முதலாளி முடிவு கட்டி, மார்கழி பிறந்ததும் அவளை நிறுத்திவிட்டார். அப்போது பக்கத்தில் நின்ற சோலையிடம், வாங்கும்போது நன்றாகத்தானே இருந்தது என்று கேட்டார். சோலை தலையாட்டினான்.

பையில் இருந்தது அந்தச் சரக்கின் சாம்பிள். அதில் ஏறியிருப்பது சாம்பிராணியா, காய் உலர்த்தும் ஸ்டோரின் விறகுப்புகையா என்று மூக்கு உள்ள எவனும் சொல்லிவிடுவான். யாரிடமும் நீட்ட அவனுக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் இரண்டு நாளாக ஏதோ ஒரு நெடி வந்து வந்து போவதுபோல இருந்தது. மலைக்காற்றும் நல்ல சாப்பாடும் மிச்சத்தையும் திறந்துவிடும், அப்புறம் தானே மோந்து பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை. சாம்பிராணி என்று தெரிந்தால் போதும். தலையாட்டியது பொய்யாகாது.

மலையடிவாரத்து முந்தலில் இட்லியும் குடல்குழம்பும் சாப்பிட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு மென்றான் சாதிக். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, காரம் கொஞ்சம் தூக்கல் என்றான் சோலை. காரம், உப்பு, புளிப்பு, இனிப்பு எல்லாம் நாக்கு சொல்லிவிடும். மசாலாவில் சோம்பு இருக்கிறதா, கசகசா அரைத்ததா என்பதெல்லாம் மூக்கு சொல்ல வேண்டியது. வெந்நீரில் மிளகாயைக் கரைத்துக் குடித்ததுபோல் இருந்தது.

போடிமெட்டுக்குப் போகும் பதினேழு வளைவுகளில் ஏறும்போது ஆள் நிறைந்த ஜீப்பொன்று அவர்களை முந்தியது. பின்னால் தொங்கிக்கொண்டிருந்த ஒரு பெண் குனிந்து பார்த்தாள்.

"என்ன சாதிக்கண்ணே, இன்னிக்கு ஒரே ஆள்தானா லோடு?"

"ஒண்ணுதான் தாயி. ஆனா வெயிட்டு சாஸ்தி."

ஜீப் முழுக்கச் சிரித்தது. சோலையும் சிரித்து வைத்தான்.

ஒன்பதாவது வளைவில் சாதிக் வண்டியை ஓரங்கட்டினான். கீழே போடி ஒரு கை அகலத்துக்குக் கிடந்தது. பொட்டிபுரத்துப் பக்கம் மலை காய்ந்து பழுப்பேறியிருந்தது. தென்னந்தோப்புகளுக்கு மேல் பனி இன்னும் விலகவில்லை. சோலை நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். குளிர் மட்டும் உள்ளே போயிற்று. ஈர மண், காட்டுப்புல், எவனோ பற்றவைத்த சருகு, ஒன்றும் இல்லை. சுவரில் மாட்டிய காலண்டர் படத்தின் முன்னால் நிற்பதுபோல நின்றுவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தான். போடிமெட்டில் இஞ்சி டீ குடித்தபோது தொண்டை எரிந்தது. அவ்வளவுதான்.

கேரள எல்லை தாண்டிப் பூப்பாறையில் மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் வாங்கினார்கள். சோலை இரண்டு தட்டு சாப்பிட்டான், மூன்றாவது தட்டில் ஏதாவது தெரியுமோ என்பதுபோல. சாதிக் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அங்கிருந்து ஏலிக்குட்டி வீட்டுக்குப் போனார்கள். ரோட்டுக்குக் கீழே நாலு ஏக்கர் ஏலமும், காய் உலர்த்த ஒரு சின்ன ஸ்டோரும் வைத்துத் தனியாகப் பிழைக்கிறவள். அவள் சரக்கைப் போடிக்குக் கொண்டு வருவது சாதிக்தான். கிறிஸ்துமஸுக்கு அவள் வீட்டில் போடும் திராட்சை ஒயினைப் பற்றி ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான், தான் தொட்டதில்லை என்றாலும். சோலையை வரச் சொன்னது மலை என்றால், கடைசிவரை இழுத்து வந்தது அந்த ஒயின்தான். நொதித்ததற்கு நெடி அதிகம். அதுவும் தெரியாவிட்டால் வேறு எது தெரியும்?

ஏலிக்குட்டி பரணி ஜாடியிலிருந்து ஊற்றிக் கண்ணாடி கிளாசில் கொடுத்தாள். கறுஞ்சிவப்பு. சோலை மூக்கருகே வைத்து இழுத்தான். குடித்தான். புளிப்பு, பிறகு இனிப்பு, நாக்கோரம் ஒரு துவர்ப்பு. அவள் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள். ஏலக்காய்க்காரன் என்று சாதிக் முன்னமே சொல்லி வைத்திருந்ததால் அவன் சொல்லுக்காகக் காத்திருந்தாள்.

"நல்லா இருக்கு. ஏலம் கமகமன்னு தூக்குது" என்றான்.

"ஏலமா?" ஏலிக்குட்டி சாதிக்கைப் பார்த்தாள். "ஈ வருஷம் ஏலம் போட்டில்ல சேட்டா. போன தடவை கசந்து போயி. கிராம்பும் பட்டையும் மட்டும்தான்."

சோலை கிளாசைக் கீழே வைத்தான். அவள் இன்னொரு தடவை குடித்துப் பார்க்கச் சொன்னாள். அவன் கிளாசைத் தள்ளி வைத்தான்.

சாதிக்தான் மெதுவாகக் கேட்டான். "எத்தனை நாளா?"

"புரட்டாசியில இருந்து."

சாதிக் மனசுக்குள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. "அப்ப பெரியம்மாக்கா?"

சோலை பையிலிருந்து கவரை எடுத்து ஏலிக்குட்டியிடம் நீட்டினான். அவள் நாலு காயை உள்ளங்கையில் கொட்டி நசுக்கி மோந்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இது ஸ்டோர்ப் புகையாக்கும். அடுப்புக் குழாய் எங்கயோ ஓட்டை. பச்சை விறகு வேற வெச்சிருக்கு."

"சாம்பிராணியா இருக்காதா?"

"எந்த சாம்பிராணி? ஞாயிறு தோறும் பள்ளியில மோந்துட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா? எந்த மடையன் இதை வாங்கினான்?"

சாதிக் சோலையைப் பார்த்தான். அதைக் கண்டதும் அவள் கிளாசை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இறங்கும்போது மேகம் ரோட்டை மூடியிருந்தது. சாதிக் விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்தபடி ஒவ்வொரு வளைவாக இறக்கினான். பாதி மலையில் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டான்.

"எனக்குக் கண்ணு மங்கிப்போச்சுன்னு வை. சொல்லாம உன்னை ஏத்திக்கிட்டு இந்த ரோட்டுல இறங்குவனா மாப்ளே?"

"மாட்ட."

"அப்புறம்?"

"வேற சோலி எனக்குத் தெரியாதுடா" என்றான் சோலை.

ஊருக்குள் வந்ததும் கிட்டங்கிக்கு விடச் சொன்னான். அவன் சொன்னதையெல்லாம் முதலாளி கடைசிவரை கேட்டார். கோபப்படவில்லை. அதுதான் சோலைக்குத் தாங்கவில்லை. நடந்தது நடந்துவிட்டது என்றார். சரக்குப் பார்க்கிறவனுக்கு மூக்கு இல்லை என்று வெளியே தெரிந்தால் டெல்லிக்காரன் ஒருத்தன்கூட நம் சரக்கைத் தொடமாட்டான், அதனால் இந்தச் சீசன் முடியும்வரை மூச்சு விடாதே, அப்புறம் உனக்கு ஏதாவது பார்க்கலாம் என்றார். பெரியம்மாளைத் திரும்பக் கூப்பிடச் சொன்னதற்கு, கூப்பிட்டால் ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள் என்றார். சோலை கவரை அவர் மேசைமேல் வைத்துவிட்டு, நாளையிலிருந்து வரவில்லை என்று சொல்லிவிட்டு வெளியே வந்தான். ஜீப் இன்னும் நின்றுகொண்டிருந்தது. நீ போ, நான் நடந்துகொள்கிறேன் என்றான்.

பெரியம்மாள் வீடு இரண்டு தெரு தள்ளி. விளக்கு வைக்கிற நேரம். கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து வெள்ளைப் புகை சுருள்சுருளாக வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. புகைக்குள் நின்றான். கண் கரித்தது. மணம் இல்லை.

பெரியம்மாள் சாம்பிராணிக் கரண்டியோடு வெளியே வந்தாள். ஆளை அடையாளம் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"சோலையா? மொதலாளி வரச் சொன்னாரா அப்பு?"

"இல்லக்கா."

அவள் முகம் வாடியது. கரண்டியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள், இன்னும் கிட்டங்கியில் நிற்பதுபோல.

"மறைக்காதக்கா" என்றான் சோலை. "அந்தச் சரக்கு வரும்போதே புகைதான். எனக்குத்தான் தெரியல. மூக்கு போயி நாலு மாசமாச்சு. அன்னிக்கு அவர் கேட்டப்ப நான் தலையாட்டிட்டேன்."

பெரியம்மாள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னாலிருந்து புகை தோளைச் சுற்றி மேலே ஏறியது. உட்காரச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. மறைத்த கரண்டியை முன்னால் எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பிப் போனாள். கதவைச் சாத்தவில்லை. சோலை வாசலிலேயே நின்றான்.