யானைக்கால் ஒன்று, பழையது

என் சின்ன அத்தை, அதாவது அப்பாவின் கடைசித் தங்கை, இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் பெட்டியைப் பிரித்துச் சம்பாதிக்கிறாள். பதறவேண்டாம், அரசாங்க வேலைதான். வெளிநாட்டுப் பார்சல்களுக்குள் பூச்சி, விதை, மண், இறைச்சி, இறகு என்று எல்லை தாண்டி வரக்கூடாத ஏதாவது பதுங்கியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இருந்தால் சூடேற்றும் அறைக்கு அனுப்பவேண்டும், இல்லாவிட்டால் எரித்துவிடவேண்டும். தபால் கிடங்கின் பரிசோதனைக் கூடத்தில் இரண்டாவது மேஜை அவளுடையது. அதன்மேல் ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு கத்தி, ஒரு பூதக்கண்ணாடி, ஒரு டப்பா நிறைய ரப்பர் கையுறை. அந்தக் கூடத்தில் எல்லோரும் மரியாதையாக ‘சார்’ என்று கூப்பிடுவது மோப்ப நாயை மட்டும்தான்.

“மத்தவங்க எல்லாரும் தப்பு பண்ணுவாங்க. சார் பண்ணமாட்டாரு” என்பாள் அத்தை.

வீட்டுக்கு வந்தாலும் அவளுக்கு அதே புத்திதான். பிறந்தநாள் பரிசு கொடுத்தால் முதலில் முகர்ந்து பார்ப்பாள். என் பள்ளிக்கூடப் பையை நான்கு வருடம் விடாமல் சோதித்தாள். அத்தனை வருடத்தில் அதில் உயிருள்ளதாக அகப்பட்டது ஒரே ஒரு தவளை. அதுவும் எனக்கில்லை, கணக்கு டீச்சருக்காக வைத்திருந்தது.

சாப்பிடும்போது அன்றன்று வந்த படிவங்களைப் பற்றிச் சொல்லுவாள். ‘உள்ளே உயிருள்ளது ஏதேனும் உண்டா?’ என்ற கேள்விக்கு ஒருவர், ‘கடவுள் புண்ணியத்தில் எல்லோரும் நலம்’ என்று எழுதியிருந்தாராம். ‘பொருளின் விவரம்’ என்ற இடத்தில் இன்னொருவர், ‘பிரித்தால் தெரியும்.’ நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அத்தை மட்டும் சிரிக்கமாட்டாள். முன்பெல்லாம் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தவள்தான். கூடச் சேர்ந்து தட்டுகிற ஆள் வெளிநாடு போனதோடு அது நின்றுவிட்டது.

அந்த ஆள் என் பெரிய அத்தை. அக்கா தங்கை இருவரும் ஒரே அறை, ஒரே சீப்பு. பெரிய அத்தை பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிய அன்று சின்ன அத்தையின் யானைக்கால் பேண்ட்டைக் காணவில்லை. முழங்காலுக்குக் கீழே கூடாரம் மாதிரி விரியுமே, அந்த பேண்ட்தான். முதல் சம்பளத்தில் தைத்தது. அத்தனை வருடம் கழித்தும் இடுப்பில் ஏறுகிறது என்பதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை. விமான நிலையத்தில் அத்தனை பேர் பார்க்க, “என் பேண்ட் எங்கே?” என்று கேட்டாள். “அதுக்குள்ள என் ஒரு கால்கூட போகாது, நான் எதுக்குடி எடுக்கப்போறேன்?” என்றாள் பெரியவள். “பெட்டியைத் திற, பார்த்துடலாம்” என்றாள் சின்னவள். தொழில் புத்தி! பெரியவளுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. பெட்டி திறக்கவில்லை. ஆறு வருடமாக வாயும் திறக்கவில்லை. வீட்டில் பெரிய அத்தையின் பெயரே ‘அந்தம்மா’ என்று ஆகிவிட்டது.

போன மாதம் அந்தம்மாவிடமிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. “தங்கம், உன் சின்ன அத்தைக்கு ஒரு பார்சல் அனுப்புறேன். அவகிட்ட மூச்சு விடாதே. இங்க படிவம் கம்ப்யூட்டர்லதான் நிரப்பணுமாம். நான் சொல்லச் சொல்ல நீ நிரப்பிடு. மயில்கழுத்துல சால்வை ஒண்ணு. யானைக்கால் ஒண்ணு, பழசு. பூச்சி உருண்டை ஆறு.”

யானைக்கால் என்றதும் செய்தியை இன்னொரு தடவை ஓடவிட்டுக் கேட்டேன். அப்படியென்றால் எடுத்தது இவள்தான்! திருப்பி அனுப்புகிறாள்!

படிவம் அலுவலக மொழியில் இருந்தது. பெரிய அத்தைக்கு அந்த மொழி பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி: பார்த்தால் சிரிப்பாள், பேசமாட்டாள். எனக்கும் அந்தப் பாடத்தில் முப்பத்திரண்டு மார்க்தான். ஆனால் நான் எழுதியதற்குக் காரணம் மார்க் இல்லை, கொழுப்பு. படிவம் எப்படியும் சின்ன அத்தையின் மேஜைக்குத்தான் வரப்போகிறது, ஒரு தடவையாவது மேஜையைத் தட்டட்டும் என்று வார்த்தைக்கு வார்த்தை பெயர்த்து அடித்துவைத்தேன். மயிலின் கழுத்து, 1. யானையின் கால், பழையது, 1. உருண்டையாக்கிய பூச்சிகள், 6.

ஊழியர் பெயருக்கு வரும் பார்சல் அந்த ஊழியரின் மேஜைக்கு வரவே கூடாது என்று ஒரு விதி இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? பார்சல் மூன்றாவது மேஜைக்குப் போயிற்று. அந்த மேஜைக்காரருக்கு அத்தை வைத்த பெயர் கருங்கல். பிறந்ததிலிருந்து சிரிக்காதவர்.

வியாழக்கிழமை சாயங்காலம் தபால் பெட்டியில் அத்தை பெயருக்கு மஞ்சள் நிற அறிவிப்பு கிடந்தது. என் மூன்று வரிகளும் அதில் அப்படியே இருந்தன. கீழே தடித்த எழுத்தில்: ‘வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் உரியவர் நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் பெட்டியோடு எரிக்கப்படும்.’

அத்தை வேலையிலிருந்து வந்ததும் கொடுத்தேன். அத்தை படித்தாள். இன்னொரு முறை படித்தாள்.

“யாருடி இதை நிரப்பினது?”

“கம்ப்யூட்டர்.”

“கம்ப்யூட்டருக்கு இப்பல்லாம் வால் முளைக்குதா?”

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். திட்டுவாள் என்று பார்த்தால் திட்டவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“அத்தை, கருங்கல்கிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லிடேன். பக்கத்து மேஜைதானே?”

“சொன்னா அதுக்குப் பேரு சிபாரிசு. இத்தனை வருஷத்துல எத்தனை பேர் கெஞ்சியிருப்பாங்க தெரியுமா? ஒருத்தருக்கும் விட்டதில்ல. எரியட்டும்.”

வாய் எரியட்டும் என்றது. விரல் மட்டும் ‘பழையது’ என்ற வார்த்தையை விட்டு நகரவில்லை.

மறுநாள் மத்தியானம் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, அத்தை தன் அலுவலகத்தைச் சுற்றிக்கொண்டு பொதுமக்கள் வாசலுக்கு வந்தாள். குற்றவாளி என்பதால் என்னையும் வரச் சொல்லியிருந்தாள். வாசலில் இருந்த காவலாளி தினமும் அவளுக்கு சல்யூட் அடிக்கிறவர்.

“மேடம், அந்த வாசல்ல உங்களை எனக்கு நல்லாத் தெரியும். இந்த வாசல்ல தெரியாது. அடையாள அட்டை காட்டுங்க.”

“சரியாக் கேட்டப்பா” என்று எடுத்துக் காட்டினாள்.

எங்கள் டோக்கன் எழுபத்தி நாலு. பலகையில் ஓடிக்கொண்டிருந்தது ஐம்பத்தி ரெண்டு. மணி இரண்டரை. ஒருவர் ஒரு பாட்டில் தேனுக்காக இருபது நிமிடம் வாதாடினார். “தேனீ உள்ளே இல்லீங்க, தேன்தான் இருக்கு” என்று அதையே பதினோரு தடவை சொன்னார். மூன்று மணி ஆயிற்று. மூன்றரை ஆயிற்று. இதற்குமேல் என்னால் தாங்கமுடியவில்லை. எழுந்து நின்று, “வெளியே வண்டியெல்லாம் தூக்கிட்டுப் போறாங்க!” என்று கத்தினேன். எட்டுப் பேர் ஓடினார்கள்.

அத்தை என் தொடையில் கிள்ளிய கிள்ளு இன்னும் நீலமாக இருக்கிறது. “போய்க் கூட்டிட்டு வாடி.” போனேன். எட்டுப் பேரையும் கூட்டிவந்து, வரிசையில் அவரவர் இடத்தில் நிறுத்தி, மன்னிப்பும் கேட்டேன். அதில் ஒரு ஐந்து நிமிடம் கரைந்தது.

மூன்று ஐம்பதுக்கு எங்கள் எண் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கருங்கல். பத்து வருடம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவர், அத்தையை முன்பின் பார்த்திராத மாதிரி பேனாவைத் திறந்தார்.

“அனுப்புனவங்க உங்களுக்கு என்ன வேணும்?”

படிவத்தில் இருக்கிற சாதாரணக் கேள்விதான். ஆனால் அத்தை மஞ்சள் அறிவிப்பை இரண்டாக மடித்தாள், நான்காக மடித்தாள். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“அக்கா” என்றாள் கடைசியில்.

“மயிலோட கழுத்து?”

“அது கலரு சார். சால்வையோட கலரு.”

“உருண்டையாக்கின பூச்சி?”

“பூச்சி உருண்டை. பூச்சி வராம இருக்கறதுக்கு துணி நடுவுல வைக்கிறது.”

“அப்புறம் ஏன் பூச்சி உருண்டைன்னு சொல்றீங்க?”

“கொசுவத்தின்னு சொல்றோமே, கொசுவையா கொளுத்துறோம்?”

கருங்கல் அதைக் குறித்துக்கொண்டார். “யானையோட கால்?”

“பேண்ட்.”

“யானைக்கா?”

“எனக்கு!”

கண்ணாடி வழியாக அவர் அத்தையை மேலும் கீழும் பார்த்தார். உதடு ஒரு ஓரத்தில் லேசாக ஆடியது. கருங்கல்லில் விரிசல் விட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பெட்டி வந்தது. கூடவே மோப்ப நாய் சாரும் வந்தார். மூக்கை உள்ளே விட்டார், மூன்று தும்மல் தும்மினார், பூச்சி உருண்டையை நம் எல்லோர் சார்பிலும் வெறுத்துவிட்டு வெளியேறினார். கருங்கல் சால்வையை எடுத்து வைத்தார். அடியில் மடித்திருந்தது பேண்ட். தூக்கி உதறினார். கூடாரம் விரிந்தது. கால் மடிப்பிலிருந்து தட்டில் ‘டக்’கென்று விழுந்தது ஒரு மண்கட்டி, அதில் ஒட்டிக்கொண்டு இரண்டு புல் விதை.

கருங்கல் பூதக்கண்ணாடியை எடுத்தார்.

எனக்கு அந்த மண்ணைத் தெரியும். எங்கள் வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் இருக்கும் செம்மண். பெரிய அத்தை ஊருக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்னால் சின்ன அத்தை அந்தச் சேற்றில்தான் பொத்தென்று விழுந்தாள். ‘இந்தப் பக்கம் காய்ஞ்சிருக்கு, வா’ என்று கூப்பிட்டது யார் என்பது வேறு கதை. ஆக, எடுத்துக்கொண்டு போனவள் அதைப் போடவுமில்லை, துவைக்கவுமில்லை.

“மண்ணு எந்த நாட்டுது?” என்று கேட்டார் கருங்கல்.

“நம்ம ஊருதுதான். என் வீட்டுப் பின்பக்கம்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். “நம்ம ஊரு மண்ணுன்னா... விட்டுடலாமே மேடம். நான் எழுதிக்கிறேன்.”

‘சரின்னு சொல்லு, சரின்னு சொல்லு’ என்று நான் மனசுக்குள் கதறினேன்.

“விடக்கூடாது சார்” என்றாள் அத்தை. “ஆறு வருஷம் வெளிய இருந்துட்டு வருது. வெளிய போயிட்டு வந்தா வெளி மண்ணுதான். என்னென்ன கூட்டிட்டு வருதோ. சூடேத்துற அறைக்கு எழுதுங்க.”

“சூட்டுல துணி பாழானா நாங்க பொறுப்பில்லை. அதையும் சொல்லணும்.”

“தெரியும். அந்த வரியை எழுதினதே நான்தான்.”

மூன்று ஐம்பத்தி எட்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்தவள், ரொம்ப நேரம் தன் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் வரும், கஷ்டப்பட்டால்.

செவ்வாய்க்கிழமை பேண்ட் வீட்டுக்கு வந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே குதிக்கும் சத்தம், மூச்சு இழுக்கும் சத்தம், ஏதோ பட்டன் தெறித்துப் பீரோவில் மோதும் சத்தம். வெளியே வந்தபோது சால்வையை இடுப்பைச் சுற்றி இறுக்கக் கட்டியிருந்தாள். நேராக என் போனைப் பிடுங்கி எண்ணைத் தட்டினாள். அந்தப் பக்கம் எடுத்ததும் ஹலோ கூட இல்லை.

“ஏன்க்கா, ஆறு வருஷம் வச்சிருந்தியே, ஒரே ஒரு தடவை துவைச்சிருக்கக் கூடாதா?”

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு பெரிய அத்தையின் குரல் மெதுவாக வந்தது. “துவைச்சா உன் வாசனை போயிடும்னு வச்சிருந்தேன்டி.”

“என் வாசனையா? பூச்சி உருண்டை நாத்தம் குடலைப் புடுங்குது!”

“முதல்ல உன் வாசனைதான் இருந்துச்சு. அப்புறம்தான் பூச்சி வந்துச்சு.”

சின்ன அத்தை மேஜையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். தம்ளர் கவிழ்ந்து தண்ணீர் என் மடியில் கொட்டியது. போனுக்குள்ளும் எங்கோ ஒரு மேஜை அதிர்ந்தது.

“சரி, ஏறுதா?” என்றாள் பெரியவள், மூச்சு வாங்கிக்கொண்டே.

“சூடேத்தினாங்கல்ல, சுருங்கிடுச்சு.”

“துணி சுருங்கிச்சா, நீ பெருத்தியா?”

“வை போனை!”

யாரும் வைக்கவில்லை. முக்கால் மணி நேரம் ஆனபோது அத்தை போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“ஏய் கம்ப்யூட்டர், சார்ஜர் எங்கடி?”