கடைமடைச் சத்தம்

தஞ்சாவூரில் வீடியோ கேம் செய்கிறோம் என்று சொன்னால் முதல் தடவை யாரும் நம்புவதில்லை. இரண்டாவது தடவை சொன்னால், அதற்கு எதற்குத் தஞ்சாவூரில் இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். என் அப்பா மூன்றாவது வகை. பையன் கம்ப்யூட்டரில் மாடு மேய்க்கிறான் என்று குடவாசல் பக்கம் எங்கள் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். எங்கள் விளையாட்டில் மாடுகள் உண்டு என்பதால் என்னால் மறுக்கவும் முடியவில்லை.

அலுவலகம் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. குறுவைக்கு உரம் வந்து இறங்கும் நாட்களில் யூரியா மூட்டைகளைத் தாண்டித்தான் படியேற வேண்டும். ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்காக நெல் விவசாய விளையாட்டு செய்துகொண்டிருந்தோம். நாற்று விட்டு, நடவு நட்டு, களையெடுத்து, அறுத்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். இங்கே நிஜத்தில் இதைச் செய்கிறவர்கள் எப்போது விடலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேறு தேசத்தில் யாரோ ஆசையாக உட்கார்ந்து இதை விளையாடுவார்கள் என்று எங்கள் முதலாளி உறுதியாக நம்பினார். அவருக்கே ஒரத்தநாடு பக்கம் நிலம் இருந்தது. அதைக் குத்தகைக்கு விட்டிருந்தார்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டில் தெரிகிற வைக்கோல் போர், மாடு, கோபுரம், கேட்கிற தவளைச் சத்தம், எல்லாவற்றையும் ஆளுக்கு ஒன்றாகச் செய்வார்கள். செய்த வடிவத்திலேயே அவை விளையாட்டுக்குள் போகாது. அளவைச் சுருக்கி, வடிவம் மாற்றி, மூட்டை கட்டி உள்ளே ஏற்ற வேண்டும். நெல்லை அப்படியே உலையில் போட முடியாது, இல்லையா? அரைத்துத்தானே ஆக வேண்டும்? அந்த ரைஸ் மில் வேலையை நான் கையால் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, மாற்றி, மூடி, அடுத்ததைத் திறந்து. எருமைக்குக்கூட இதற்குப் பொறுமை இருக்காது. எனவே இயந்திரமே தானாகச் செய்யும்படி ஒரு நிரல் எழுதினேன். பொதுவான ஒரு இடத்தில் கோப்பைப் போட்டுவிட்டால் போதும். பின்னறையில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் வரிசைப்படி ஒவ்வொன்றாக எடுத்து அரைத்துவிடும். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது வரை அரைத்து முடித்ததைச் சேர்த்துக் கட்டி வெளிநாட்டுக்குத் தானாகவே அனுப்பிவிடும். முடியாததை அடுத்த வாரம் புதிதாக வரிசையில் போட வேண்டும்.

இனி நிம்மதி என்று நினைத்தேன். கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது.

கம்ப்யூட்டர் ஒன்று, கோப்பு போடுகிறவர்கள் பலர். கும்பகோணத்துக்காரர் ஒருவர் கோபுரம் செய்துகொண்டிருந்தார். நல்ல மனிதர், பக்திமான், வேலையில் சூரர். காலையில் முதல் ஆளாக வந்து கோபுரத்தைப் போடுவார். கம்ப்யூட்டர் அதை மென்று முடிக்க மத்தியானம் ஆகும். அதற்குள் ஒரு யாளியின் மூக்கைத் திருத்தி மறுபடி போட்டுவிடுவார்.

வரிசையில் எப்போதும் கடைசியாக நின்றது சத்தம். எங்கள் விளையாட்டின் சத்தங்கள் எல்லாம் ஒரு பெண்ணின் பொறுப்பு. வேதாரண்யம் பக்கத்துக்காரி. காதில் ஹெட்போனும் கையில் ரெக்கார்டருமாகப் பகல் முழுக்க வயல் வயலாகத் திரிந்துவிட்டு, சாயங்காலம்தான் வந்து கோப்பைப் போடுவாள். அதற்குள் முன்னால் ஒரு ஊரே நிற்கும். வாராவாரம் வெள்ளிக்கிழமை வந்தது. வாராவாரம் எங்கள் விளையாட்டு ஊமையாகவே கப்பலேறியது.

கடைசியில் அந்தக் கம்பெனி எழுதிவிட்டது. அடுத்த தடவையும் சத்தம் இல்லையென்றால் சத்த வேலையை வேறு இடத்தில் கொடுத்துக்கொள்கிறோம் என்று. முதலாளி அவளைக் கூப்பிட்டு அதை அப்படியே சொன்னார். அப்படி நடந்தால் அவளுக்கு இங்கே வேலை இருக்காது என்பதையும் சொன்னார். தஞ்சாவூரில் சத்தத்தை வைத்துப் பிழைக்க இருக்கும் மற்ற வழி தவில் வாசிப்பதுதான். அவள் தலையாட்டிவிட்டு வெளியே வந்து ரெக்கார்டருக்குப் புது பேட்டரி போட்டாள்.

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் நிரல் மேல் காட்டினேன். உண்மையிலேயே அவசரமான கோப்பு முன்னால் போகட்டும் என்று 'அவசரம்' என்றொரு பொத்தான் வைத்தேன். சில நாளிலேயே எல்லாமே அவசரமாகிவிட்டது. மாட்டின் வால் அவசரம். ஒரு வெற்றுக் குடம் அவசரம். அடுத்தவர் முறையில் மடையை வெட்டித் தன் வயலுக்குத் தண்ணீரைத் திருப்பிக்கொள்கிற பரம்பரையில் வந்தவர்களிடம் நான் மண்வெட்டியைக் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்குத்தான் தாமதமாக உறைத்தது.

முதலாளி பஞ்சாயத்தைக் கூட்டினார். எல்லாரும் கம்ப்யூட்டர் படித்தவர்கள், பேச்சு ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் வாய்க்காலுக்கு வந்துவிட்டது. கோபுரக்காரர் தலைமடை, அவர் குடித்த மிச்சம்தான் மற்றவர்களுக்கு என்றார் ஒருவர். தலைமடையில் நிலம் இருப்பது என் குற்றமா என்று கேட்டார் கோபுரக்காரர். முறை வைத்து விடுங்கள் என்றார் இன்னொருவர். வாய்க்காலின் கோடியிலிருந்து வந்த கடைமடைக்காரி ஹெட்போன் வயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். அவள் ஊரில் இந்தப் பேச்சை நிறையக் கேட்டிருப்பாள்.

நானும் ஒரு தலைமடைக்காரன்தான். எங்கள் நிலம் வாய்க்காலின் முதல் மதகை ஒட்டி இருக்கிறது. தண்ணீர் வருமா என்று அப்பா கவலைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. வடியுமா என்றுதான் கவலைப்படுவார்.

தீர்ப்பு இப்படி வந்தது. அவசரப் பொத்தான் கிடையாது. சிறிய கோப்பு முதலில், பெரியது பிறகு. கொஞ்சம் தண்ணீர் போதும் என்கிறவன் பாய்ச்சிக்கொண்டு போகட்டும், நிறைய வேண்டியவன் காத்திருக்கட்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நான் அன்றைக்கே எழுதி முடித்தேன்.

மறுநாள் வரிசையைத் திறந்து பார்த்தால் கோபுரத்தைக் காணோம். அதற்குப் பதிலாக ஒரு கலசம் இருந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு கலசம். யாளியின் தலை தனி, உடம்பு தனி. துவாரபாலகரின் இடது கை. அவருடைய கதாயுதம். கோபுரக்காரர் கோபுரத்தை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கோப்பாகப் போட்டிருந்தார். சிறு குறு விவசாயி சான்றிதழுக்காக நிலத்தைப் பங்காளிகள் பெயரில் பிரித்து எழுதுவது நம் பக்கத்துக்குப் புதிதல்ல. ஆனால் சாமி சிலையை உட்பிரிவு செய்ததை அன்றுதான் பார்த்தேன். அவரைப் பார்த்து மற்றவர்களும் பிரித்தார்கள். மாடு கூறு போடப்பட்டது.

அவளுடைய கோப்பைப் பிரிக்க முடியாது. அது வாய்க்காலில் புதுத் தண்ணீர் வருகிற சத்தம். காய்ந்த தரையில் முதலில் ஒரு சரசரப்பு, அப்புறம் மண் குடிக்கிற சத்தம், வெடிப்புகளுக்குள் காற்று கொப்புளிப்பது, கடைசியில் சீரான ஓட்டம். நீளமாக இருந்தால்தான் அது அதுவாக இருக்கும். அதனால் துவாரபாலகரின் எந்த உறுப்பைவிடவும் அது பெரிய கோப்பு. வரிசையின் கடைசியில் நின்றது.

அதை அவள் பதிவு செய்தது எங்கள் ஊரில். மேட்டூர் திறந்து நாளாகியும் அவள் ஊருக்குத் தண்ணீர் எட்டிப் பார்க்கவில்லை. எனவே எங்கள் வயலுக்கு வந்தாள். அப்பா வரப்பில் நின்றுகொண்டு, தண்ணியைப் போய் எதுக்கும்மா டேப் எடுக்கிற என்று ஆரம்பித்து, இந்த வருஷத்து விதைநெல், சொசைட்டிக் கடன், என் கல்யாணம் என்று விடாமல் பேசினார். முதல் பதிவு முழுக்க அப்பாதான் ஓடிக்கொண்டிருந்தார். அவள் அவரிடம் பேசாதீர்கள் என்று சொல்லவில்லை. அடுத்த வயலுக்குத் தண்ணீர் திறக்கும்வரை காத்திருந்து மறுபடி எடுத்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் நான் அவளிடம் போனேன். நிரல் நான் எழுதியது, உள்ளே போய் உன் கோப்பை மட்டும் முன்னால் தள்ளிவிடுகிறேன், யாருக்கும் தெரியாது என்றேன்.

"வேண்டாண்ணே," என்றாள். "இன்னைக்கு எனக்குத் தள்ளி விட்டீங்கன்னா, நாளைக்கு வேற யாராவது வந்து கேப்பாங்க. அவங்களுக்கும் தள்ளுவீங்க. திரும்ப நான்தான் கடைசில நிப்பேன்."

வேலை போய்விடுமே என்றேன்.

"போவும்தான்," என்றாள்.

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. நாளைக்கு வேலையே போகப்போகிறவளுக்கு எதற்கு இந்த வியாக்கியானம் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். அவள் சொன்னதில் தப்பு எதுவும் கண்டுபிடிக்க முடியாததுதான் கோபத்துக்குக் காரணம்.

வெள்ளிக்கிழமை காலை நான் போனபோது பின்னறையில், கம்ப்யூட்டருக்கு எதிரே, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவள் உட்கார்ந்திருந்தாள். மடியில் டிபன் டப்பா. கம்ப்யூட்டருக்காக வைத்த ஏசி அந்த அறையில் குளிராக அடிக்கும் என்பதால் துப்பட்டாவைத் தலையோடு போர்த்தியிருந்தாள். எதையும் தொடவில்லை. திரையில் நகர்கிற வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இன்னும் கலசங்கள் நின்றன.

முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். எல்லாம் தானாக நடக்கும் என்றுதானே சொன்னீர்கள், அப்புறம் எதற்கு ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார். மதகில் தண்ணீரை முறை பார்த்துவிட லஸ்கர் உட்கார்ந்திருப்பதில்லையா சார் என்றேன். அவர் யோசித்தபடி போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் கோபுரக்காரர் டீ கிளாஸோடு வந்தார். கோபுரம் எவ்வளவு தூரம் எழும்பியிருக்கிறது என்று பார்க்க வந்திருப்பார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன, இங்க வந்து உக்காந்திருக்கீங்க?"

"முறை பாத்துட்டு இருக்கேன் சார்," என்றாள். அதில் குத்தலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிறேன் என்பது போலச் சொன்னாள்.

அவர் திரையைப் பார்த்தார். அவர் போட்ட துண்டுகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. தன் மேஜையில் உட்கார்ந்து கோப்பைப் போடும்போது வரிசைதான் தெரியும், வரிசையில் நிற்கிற ஆள் தெரியாது. ராத்திரியில் மடையை வெட்டுகிறவன்கூட, அங்கே ஒருவர் முழித்து உட்கார்ந்திருந்தால் செருமிவிட்டுத் திரும்பிப் போய்விடுவான். அவர் டீயை அங்கேயே நின்று குடித்து முடித்தார். கிளாஸை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்குப் போனார்.

பிறகு திரையில் ஒரு கலசம் மறைந்தது. அரைத்து முடிந்து போகவில்லை, போட்டவரே எடுத்துக்கொண்டார். அடுத்த கலசம் போயிற்று. யாளியின் தலை போயிற்று. துவாரபாலகர் கை, கதாயுதம் என்று ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போனார். கோபுரத்தைப் பார்த்து மாடும் விலகியது. நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் தண்ணீரின் முறை வந்தது. கம்ப்யூட்டர் அதை எடுத்துக்கொண்டது. அவள் டிபன் டப்பாவைத் திறந்து எலுமிச்சை சாதம் சாப்பிட ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. கோபுரத்துக்கு உச்சி ஏன் இல்லை என்று நீளமாகக் கேட்டிருந்தார்கள். வாசலில் நிற்கும் காவல் தெய்வத்துக்குக் கை எங்கே என்றும் கேட்டிருந்தார்கள். கோபுரக்காரர் அதைப் படித்துவிட்டு, அடுத்த வாரம் தருகிறேன் என்று மட்டும் எழுதினார். அன்றிலிருந்து அவர் மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. சத்தத்தைப் பற்றிக் கம்பெனி ஒரு வார்த்தை எழுதவில்லை. வேறு இடத்தில் கொடுப்பதாகவும் எழுதவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. இவ்வளவுக்கும் பிறகு நன்றாக இருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று அவளிடம் புலம்பினேன்.

"தண்ணி வரலைன்னாதான் பேசுவாங்கண்ணே," என்றாள். "வந்துட்டா அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிடுவாங்க."

அதற்கப்புறம் நான் நிரலில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். கோப்பை இனி அவரவர் மேஜையிலிருந்து போட முடியாது. பின்னறைக்கு நடந்து வந்து, மற்றவர்கள் பார்க்கத்தான் போட வேண்டும். இவ்வளவு பெரிய தானியங்கி ஏற்பாட்டில் உருப்படியாக வேலை செய்வது அந்த நடைதான். பிளாஸ்டிக் நாற்காலியை யாரும் எடுக்கவில்லை.

அதன் பிறகு ஒரு நாள், பின்னறையில் எல்லாரும் முறைக்கு நின்றுகொண்டிருந்தபோது, அவளுக்கு ஊரிலிருந்து போன் வந்தது. அவளுடைய அப்பா. சத்தமாகப் பேசுகிறவர், எங்களுக்கும் கேட்டது. தண்ணி வந்துட்டும்மா, நம்ம வாய்க்காலுக்கு வந்துட்டு என்றார். யார் யார் வயலுக்குப் பாய்ந்தது, யார் கலெக்டர் ஆபீஸுக்குப் போய் மனு கொடுத்தது என்று ஆரம்பித்தார்.

"அப்பா," என்றாள். "பேசாதீங்க. போனைத் தண்ணிகிட்ட வைங்க."

அவர் வைத்தார். அவள் போனைக் காதில் அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். வரிசையில் அடுத்தது அவள் முறைதான். கோபுரக்காரர் அவளுக்குப் பின்னால் நின்றார். நீங்கள் போடுங்கள் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் முந்திக்கொண்டு முன்னால் நகரவில்லை. கம்ப்யூட்டர் சும்மா நின்றது. அவள் கேட்டு முடிக்கும்வரை எல்லாரும் நின்றோம்.