தகரத்துக்கு அந்தப் பக்கம்

இதை நம்பும்படி யாரையும் கெஞ்சப் போவதில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நடுராத்திரி இல்லை. நாய் ஊளையிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், மொட்டை வெயில். நேரங்களை மணி பார்த்துத்தான் சொல்கிறேன். அன்று முழுக்க என் ஃபோன் ஜன்னல் விளிம்பில், கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

அம்மா போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. வீட்டை வாடகைக்கு விடப் போகிறோம், அவளுடைய சாமான்களை எங்கே வைப்பது? தம்பி வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசில்லை. என் வீட்டில் இடமில்லை. கடைசியில் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டுப் பூட்டி வைப்பதென்று முடிவானது. அதைக்கூட நானும் தம்பியும் நேராகப் பேசவில்லை. அவன் மனைவிதான் நடுவில் நின்று பேசி முடித்தாள்.

கொட்டகை பெட்டியில் வந்தது. அளவாக வெட்டித் துளை போட்டு எண் ஒட்டிய தகரங்கள், பை நிறைய நட்டு போல்ட்டு, ஒரே ஒரு ஸ்பேனர். தளம் ஏற்கெனவே இருந்தது. அப்பா கார் நிறுத்துவதற்காகப் போட்ட கான்கிரீட். கார்தான் கடைசிவரை வரவில்லை.

காலை ஒன்பது மணிக்கு அடிச்சட்டத்தைத் தளத்தில் பரப்பி, மூலைக்கு மூலை குறுக்கே டேப் பிடித்தோம். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வந்தால்தான் சட்டம் சரியாக உட்காரும். அரை அங்குலம் இடித்தது.

"உன் பக்கம் கோணல்," என்றேன்.

"எப்பவும் என் பக்கம்தானே கோணல்," என்றான்.

அவன் சிரிக்கவில்லை. நானும்தான்.

சுவர்த் தகரம் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். வெளியே ஒருவர் போல்ட்டைத் துளையில் தள்ளிப் பிடிக்க வேண்டும். உள்ளே ஒருவர் நட்டைப் போட்டு முறுக்க வேண்டும். நான் வெளியே, அவன் உள்ளே. பேச வேண்டிய அவசியம் வரக்கூடாதென்று அவனே ஒரு வழி கண்டுபிடித்தான். தகரத்தில் ஒரு தட்டு தட்டினால், தள்ளு. இரண்டு தட்டு, முறுக்கியாச்சு, அடுத்ததுக்குப் போ.

டொக். டொக் டொக்.

காலை முழுக்க இதுதான் எங்கள் பேச்சு.

கேட்க ஒன்றுதான் இருந்தது எனக்கு. அம்மா மூன்று ராத்திரி ஆஸ்பத்திரியில் அவன் பேரைச் சொல்லிக்கொண்டே கிடந்தாள். அவன் வரவில்லை. ஏன் வரவில்லை? எட்டு மாதமாக நான் கேட்கவில்லை. அவனாகச் சொல்லட்டும் என்று பிடிவாதம். கொட்டகை முடிவதற்குள் சொல்லிவிடுவான் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசையும் இருந்தது. சாமான்களைப் பூட்டிவிட்டால், அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்கக் காரணமே கிடையாது.

மூன்று சுவர் ஏறியது. அவன் உள்பக்கம் ஓரமாக டிரில் போட்டுச் சட்டத்தைத் தளத்தோடு இறுக்கினான். வெள்ளைத் தூள் மாவு மாதிரி தரையெல்லாம் படிந்தது. மூன்று இருபத்தைந்துக்கு ரப்பர் வாஷர் தீர்ந்துபோனது.

"வாங்கிட்டு வர்றேன்," என்று வண்டியை எடுத்தான்.

நான் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று ஐம்பத்திரண்டு. கொட்டகைக்குள்ளிருந்து சத்தம் கேட்டது.

டொக்.

வண்டிச் சத்தம் கேட்கவில்லையே என்று ஒரு கணம் தோன்றியது. அவ்வளவுதான். பின்பக்கம் போய் நின்று போல்ட்டைத் தள்ளினேன். உள்ளே நட்டு ஏறும் சத்தம்... கிர்... கிர்... டொக் டொக்.

"வாஷர் கிடைச்சுதா?"

பதில் இல்லை. கோபம் போலிருக்கிறது. நானும் விட்டுவிட்டேன்.

ஐந்தாறு போல்ட் போன பிறகுதான் கவனித்தேன். காலையில் ஒரு நட்டுக்கு அவன் இரண்டு தடவையாவது மூச்சு வாங்குவான், தகரத்தைத் திட்டுவான். இப்போது மூச்சுச் சத்தமே இல்லை.

இன்னொன்று. நாலு மணி வெயில் அந்தத் தகரத்தில் நேராக அடிக்கிறது. துணி சுற்றாமல் தொட முடியாது. ஆனால் உள்ளே அவன் தட்டிய இடம்...

சில்லென்றிருந்தது.

வெயிலில் எனக்குத்தான் தலை சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன். நாலு இருபது. முகம் தெரியாமல் நடுவில் தகரம் இருந்த தைரியமோ என்னவோ, கேட்டுவிட்டேன்.

"மூணு ராத்திரி அம்மா உன்னைத்தான்டா தேடுனா. ஏன் வரல?"

கிர்... கிர்... நின்றது.

"வந்தேன்க்கா."

அவன் குரல்தான். ஆனால் என் காதுக்கு மிக அருகில். தகரத்தில் வாய் வைத்துப் பேசுகிற மாதிரி.

"பொய் சொல்லாத."

"கீழ பெஞ்சுல உக்காந்திருந்தேன். மூணு ராத்திரியும். மேல விடுற பாஸ் ஒண்ணுதானே, உன்கிட்ட இருந்துச்சு."

"வாயில என்ன கொழுக்கட்டையா? ஒரு ஃபோன் பண்றதுக்கென்ன?"

கிர்... கிர்...

எட்டு மாதமாகச் சேர்ந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"நீ இருந்தும் ஒண்ணுதான்டா. இல்லாட்டியும் ஒண்ணுதான்."

டொக் டொக்.

பிறகு ஒன்றுமில்லை.

நாலு முப்பத்தைந்து. சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்தேன். கதவு இன்னும் மாட்டவில்லை. திறந்த வாசல்.

உள்ளே யாரும் இல்லை.

பின்சுவரில் நான் தள்ளிய ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டு ஏறியிருந்தது.

கீழே வெள்ளைத் தூள் அப்படியே படிந்திருந்தது.

பின்சுவர் பக்கம் ஒரு காலடி கூட இல்லை.

ஐந்து இருபதுக்குத் தம்பி மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். செருப்புகூட இல்லாமல். கடைத்தெரு முனையில் லாரி. மூன்று நாற்பதுக்கு. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

"அங்க இருந்தவங்க அவர் ஃபோன்லேர்ந்து உங்களுக்குத்தான் அண்ணி முதல்ல அடிச்சிருக்காங்க. ஒன்பது தடவை. போகவே இல்லையாம்."

ஜன்னலைப் பார்த்தேன். ஃபோன் அங்கேயேதான் இருந்தது. ஒரு தடவைகூட அடிக்கவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது. போன வருடம் ஏதோ ஒரு சண்டையில் அவன் நம்பரை பிளாக் செய்திருந்தேன். எதற்கான சண்டை என்றுகூட இப்போது ஞாபகமில்லை. பிளாக் செய்ததையே மறந்திருந்தேன்.

அவன் சட்டைப் பையிலிருந்ததை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்பேனர் அதற்குள் இருந்தது. எங்களிடம் இருந்த ஒரே ஸ்பேனர்.

உள்ளே எதைக் கொண்டு முறுக்கினான் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்து அம்மாவின் பழைய சீட்டுகள் வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில், அம்மா இருந்தபோது இருந்த அதே வாட்ச்மேன். ராத்திரி வருகிறவர்கள் எழுதும் நோட்டைக் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்துத் தந்தார். அம்மா கிடந்த அந்த மூன்று தேதிகளைத் தேடிப் புரட்டினேன்.

தம்பியின் கையெழுத்து. மூன்று ராத்திரியும் இருந்தது. வந்த நேரம் ஒன்பது நாற்பது, ஒன்பது ஐம்பது, ஒன்பது முப்பத்தைந்து. போன நேரம் மூன்று நாளும் விடிகாலை. பக்கத்தில் வாட்ச்மேனின் எழுத்தில், 'பாஸ் இல்லை'.

இதை உயிரோடிருந்தவர்களில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. அவன் மனைவிக்கே தெரியாது. நைட் ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறான்.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"இவரா? நல்லா ஞாபகமிருக்கும்மா. மேல ஆள் அனுப்பிச் சொல்லட்டுமான்னு கேட்டேன், வேணாம்னுட்டாரு. ராத்திரி பூரா ஃபோனைக் காதுல வெச்சுக்கிட்டே உக்காந்திருப்பாரு. யாருக்குப்பா இப்படி அடிக்கிறேன்னு கேட்டா, 'அக்கா கோவத்துல இருக்குண்ணே, கொஞ்ச நேரம் போனா எடுத்துரும்'பாரு."